கலசம் வைத்த நாலு சிலிண்டர்

புதுப் பொருள் ஒன்று வீட்டுக்கு வந்தால் அதைத் துடைக்காமல், பொட்டு வைக்காமல் அப்படியே பயன்படுத்துகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்களாம். எங்கள் குடும்பத்தில் கிடையாது. அயனம்பாக்கம் வீட்டுக்கு முதன்முதலாக வாஷிங் மெஷின் வந்தபோது அம்மா அதன் நெற்றியில் (எது நெற்றி என்பதை அவளே முடிவு செய்துகொண்டாள்) மஞ்சளைக் குழைத்துப் பூசி, பொத்தான்கள் மேலேயே பொட்டு வைத்துவிட்டாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமலே ரொம்ப நாள் துவைத்தோம். துணி வெளுத்ததா என்று கேட்காதீர்கள், மெஷினுக்கு திருஷ்டி படவில்லை.

நான் விமான இன்ஜின் வேலை பார்ப்பவள். திருமழிசை தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனிக்கும் போல்ட் நட்டு செய்யும் கம்பெனிக்கும் நடுவில் எங்கள் பட்டறை. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளின் குட்டி விமானங்கள் இருக்கின்றனவே, அவற்றின் இன்ஜின்கள் எங்களிடம் வரும். பிரித்து, கழுவி, அளந்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டி அனுப்புவோம். நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாப்பாட்டுப் பையோடு லாரிகளுக்கு நடுவில் நடந்து போகும் இந்தப் பெண்தான் மேலே பறக்கிற ஒன்றுக்குப் பொறுப்பு என்று அந்த லாரி டிரைவர்களுக்குத் தெரியாதே என்று எனக்கு தினமும் ஒரு வருத்தம் உண்டு. (தெரியப்படுத்தவும் முயன்றிருக்கிறேன். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை வெளியே தெரிகிற மாதிரி திருப்பித் திருப்பிப் போட்டுக்கொள்வேன்.)

எனக்கு பெருமை இவ்வளவு என்றால் ஏகாம்பரம் மாமாவுக்கு இதற்கு மேல். அம்மாவின் தம்பி. அப்பா போன பிறகு எங்களுக்கு எல்லாமே அவர்தான். வானகரத்திலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் வேலையில் சேர்ந்த புதிதில் "சிலிண்டர் செக்ஷன்" என்று சொன்னதைக் கேட்டு, கேஸ் ஏஜென்சியில் சேர்ந்திருப்பதாகத் தெரு முழுக்கச் சொன்னவர் அவர்தான். பிறகு நான் விளக்கினேன். இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிற இரும்புக் குழாய் அது, அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும், அந்த ஓட்டத்தில்தான் முன்னால் விசிறி சுற்றும், விமானம் எழும்பும் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் யாரும் இந்தத் தகவல் இல்லாமல் இறங்கியதில்லை.

சம்பவம் நடந்த வருடம் எனக்கு இன்ஜின் பராமரிப்பு உரிமம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் தலைமை இன்ஜினியர் சாதிக் பாய். பூந்தமல்லிக்காரர். யாரையும் கடிந்து பேச மாட்டார், புருவத்தை மட்டும் தூக்குவார், அதற்குத்தான் பட்டறையே பயப்படும். அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வந்திருக்கும் ஒரு நாலு சிலிண்டர் இன்ஜினை முழுக்க என் பொறுப்பில் செய்யச் சொன்னார். இது ஒழுங்காக முடிந்தால் இனிமேல் இன்ஜின்களுக்கு நானே கையெழுத்துப் போடலாம். முடியாவிட்டால் பழையபடி அடுத்தவர் கையெழுத்துக்கு டார்ச் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

முதல் நாளே சண்டை வந்தது. அந்த இன்ஜினின் நாலு சிலிண்டர்களும் தேய்ந்திருந்தன. அவற்றையே தேய்த்துச் சரிசெய்து, அதாவது ஓவர்ஹால் செய்து, பூட்டுவதா, புதுசு வரவழைப்பதா என்பது கேள்வி. பாய் ஓவர்ஹால் கட்சி. இந்த இன்ஜினோடு பிறந்து ஒரு ஓட்டம் ஓடி முடித்த சிலிண்டர்கள், இவற்றின் குணம் நமக்குத் தெரியும், புதுசு என்றால் அது எப்படிப்பட்டது என்று ஓடின பிறகுதானே தெரியும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் நான் அப்போது நியாயத்தைக் கேட்கிற நிலையில் இல்லை. சிலிண்டரின் கீழ்ப்பாதி இரும்பு, தேய்த்துச் சரிசெய்யலாம். தலைப்பாகம் அலுமினியம், மாணவர்கள் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி அதைச் சுடவைத்து ஆறவைத்து வதைத்திருக்கிறார்கள், அந்த வயசை எந்த ஓவர்ஹாலும் குறைக்காது என்று நான் வெள்ளைப் பலகையில் படம் வரைந்து சொற்பொழிவு நடத்தினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த இன்ஜினை அனுப்பிய விமானப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர். எங்களுக்கு அவர் "கேப்டன் மேடம்". அவர் கைக்கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்ததை நான் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

பாய் பழைய சிலிண்டர்களின் தலையில் சிவப்புச் சாயம் ஊற்றிச் சோதனை செய்தார். விரிசல் இருந்தால் அதற்குள் சாயம் இறங்கி, துடைத்த பிறகும் கோடாகக் காட்டிக்கொடுக்கும். ஒரு சிலிண்டரில் காட்டிக்கொடுத்தது. தலைமுடி அளவு, ஆனால் விரிசல் விரிசல்தான்.

"சரி, புதுசே வரவழை," என்றார் பாய்.

ஐயோ, அதற்கப்புறம் என்னைப் பிடித்திருக்க முடியுமா? சாதிக் பாயிடம் வாதாடி ஜெயித்தவள் நான். பட்டறையில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு அம்மாளிடம் சொன்னேன், இட்லிக் கடையில் சொன்னேன். வீட்டில் சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே.

புது சிலிண்டர்கள் நாலும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தன. வெளிநாட்டிலிருந்து, எண்ணெயில் குளித்து, பிளாஸ்டிக் உறைக்குள், ஈரத்தை உறிஞ்சும் பொட்டலங்களோடு, சீமந்தத்துக்கு அழைத்து வந்த பெண்களைப் போல அத்தனை பத்திரமாக வந்தன. உள்சுவர் வெறும் இரும்பு, துரு பிடிக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த எண்ணெய். அளவெடுக்க வேண்டும் என்றால் எண்ணெயைத் துடைக்க வேண்டும். அளந்த கையோடு திரும்ப எண்ணெய் பூச வேண்டும். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

துடைத்தேன். அளந்தேன். எண்ணெய் டப்பாவைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது, மறுநாள் பூஜைக்கு வீட்டு ஆட்களை அழைத்து வரலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அது வழக்கம். வருடத்தில் அந்த ஒருநாள்தான் நாம் என்ன செய்கிறோம் என்று வீட்டுக்கு நேரில் காட்ட முடியும். நாலும் கண்ணாடி மாதிரி பளபளவென்று நின்றுகொண்டிருந்தன. எண்ணெய் வடிகிற சிலிண்டருக்கு முன்னால் மாமாவை நிறுத்தி "இதுதான் பறக்கும்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பூஜை முடிந்ததும் பூசிக்கொள்ளலாம் என்று டப்பாவை மூடி வைத்தேன்.

தடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் சாதிக் பாய். அவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிருந்தார். முதலாளிக்கு வியாபாரம் தெரியும், சிலிண்டரின் உள்சுவர் தெரியாது.

மறுநாள் அம்மா பட்டுப் புடவையில் வந்தாள். மாமா ஆட்டோவுக்கு மாலை போட்டு, அதில் தெருவில் பாதியை ஏற்றிக்கொண்டு வந்தார். பட்டறை முழுக்க மாவிலைத் தோரணம். லேத், டிரில்லிங் மெஷின், ஸ்பேனர்கள், சுத்தியல்கள் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நடு மேஜையில், சிவப்புத் துணி விரித்து, மரத் தாங்கிகளில் தலைகீழாக வாய் மேலே பார்க்க என் நாலு சிலிண்டர்கள். நான் பக்கத்தில் இஸ்திரி போட்ட சீருடையில் நின்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று கையில் ஒரு அளவுகோலும் வைத்திருந்தேன்.

மாமா சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னாமா, இவ்ளோ சின்னதா கீது. இதுவா ஆளைத் தூக்கிகினு மேல போவும்?" என்று கேட்டார். நான் விளக்க ஆரம்பித்தேன். கூட்டம் சேர்ந்தது. பிளாஸ்டிக் வாளி கம்பெனியிலிருந்தும் வந்து கேட்டார்கள். முதலாளி என்னைக் காட்டி யாரிடமோ "நம்ம பொண்ணு" என்றார். அந்த நிமிஷம் எனக்குத் தரையில் கால் இல்லை.

அம்மா மட்டும் சிலிண்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து நிற்கும் நாலு பாத்திரங்கள். அவள் கண்ணுக்கு அவை வேறெப்படித் தெரியும்?

"ஏன்டி, எல்லாத்துக்கும் பூ வெச்சிகிறீங்க. இது மட்டும் மொட்டையா கீதே," என்றாள். "கலசமா வெச்சிடலாம். எவ்ளோ அம்சமா கீது பாரு."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என் படிப்பு விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அதற்குள் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றுவிட்டார்கள். கூட்டத்துக்கு நடுவில், இத்தனை பெருமைக்கு நடுவில், அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? நானே போய் மாவிலை எடுத்துக் கொடுத்தேன். சிலிண்டர் வாயைச் சுற்றி மாவிலை, அதன் மேல் மஞ்சள் பூசிய தேங்காய். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. தண்ணீர் இல்லாமல் கலசம் ஆகாது என்று அம்மா சொன்னபோது நான் பலமாக எதிர்த்தேன். எதிர்த்து, கொஞ்சமாகத் தெளித்தால் போதும் என்ற சமரசத்துக்கு வந்தேன். அம்மா ஒவ்வொன்றுக்குள்ளும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அவள் கை கொஞ்சம் தாராளம்.

கற்பூரம் காட்டினார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் ஆயிற்று. கூட்டம் கலைந்ததும் நான் எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு மேஜைப் பக்கம் போனேன்.

"தொடாதே," என்றாள் அம்மா.

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு ஒரு தீபாராதனை காட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இது அம்மா கண்டுபிடித்த சட்டம் இல்லை, எங்கள் தொழிற்பேட்டை முழுக்க அதுதான் சட்டம். முதலாளியும் அதையே சொன்னார், ஒரு ராத்திரிதானே என்றார். நானும் ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன். ஷட்டரை இழுத்துப் பூட்டினார்கள்.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. விஜயதசமி அன்று நெடுஞ்சாலையில் பஸ் இல்லை, திருமழிசைப் பக்கம் முழங்கால் தண்ணீர் என்றார்கள். அதற்கடுத்து சனி, ஞாயிறு. நான் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் ஏரி நிரம்புமா என்று கவலைப்பட்டார்கள். எனக்கு வேறு கவலை. மாமாவைக் கெஞ்சினேன், ஆட்டோவில் ஒருநடை போய்விட்டு வரலாம் என்று. பாதி வழியில் ஆட்டோ தண்ணீரில் நின்றுவிட்டது. இரண்டு பேரும் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தோம்.

திங்கட்கிழமை ஷட்டர் திறந்தபோது பட்டறைக்குள் ஊறின மாவிலை வாசனை. சாதிக் பாய் எனக்கு முன்னாலேயே வந்து, மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். புருவம் தூக்கியிருக்கவில்லை. அதைவிட மோசம், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் ஒரு தேங்காயைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்த சுவர் செங்கல் நிறத்தில் இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கடைசியில் இருந்ததில் மஞ்சள் தண்ணீர் ஓரமாக இன்னும் தேங்கியிருந்தது. (அம்மாவின் தாராளக் கை அதில்தான் முடிந்திருக்க வேண்டும்.) என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாய் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தேங்காய்களை ஒவ்வொன்றாக, மரியாதையாக, எடுத்துக் கீழே வைத்தார்.

"ஓவர்ஹால் வேணாம், புதுசுதான் வேணும்னு சண்டை போட்ட," என்றார். "இப்ப புதுசையே ஓவர்ஹால் பண்ணப் போறோம். ஒரு தடவை கூட ஓடாம ஓவர்ஹாலுக்கு வந்த சிலிண்டர் இதுதாம்மா."

பட்டறையில் யாரோ சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார்கள்.

முதலாளி உள்ளே கூப்பிட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது. கேப்டனிடம் சரக்கு வர தாமதம் என்று சொல்லிவிடலாம், உள்ளே தேய்த்துப் பளபளப்பாக்கிப் பூட்டிவிடலாம், அளவு சரியாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். இன்ஜின் என் பொறுப்பு. அந்த விமானத்தில் தனியாக ஏறப்போகிற, எனக்குப் பெயர் தெரியாத ஒரு மாணவன் என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டான். "நானே கேப்டன் மேடத்துக்கு போன் பண்றேன் சார்," என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே நல்ல வாக்கியம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

போனில் ஒன்றையும் மறைக்கவில்லை. எண்ணெய் துடைத்தது, பூஜை, மாவிலை, தேங்காய், மஞ்சள் தண்ணீர், மழை எல்லாம் சொன்னேன்.

"தேங்காயா?" என்றார் கேப்டன்.

"ஆமாம் மேடம்."

"நாலுலயுமா?"

"ஆமாம் மேடம்."

வேலை போயிற்று என்று நான் முடிவு செய்துகொண்டேன். "சரி. துருவை எடுத்து அளந்து பாருங்க. அளவுக்குள்ள இருந்தா பூட்டுங்க, இல்லைன்னா தூக்கிப் போடுங்க," என்றார். "ஆனா இன்ஜின் முதல் தடவை மேல போறப்ப நீங்க என் பக்கத்துல உட்காரணும்."

பாய் சொல்லச் சொல்ல, நானே நாலையும் ஹோனிங் மெஷினில் ஏற்றினேன். சாணைக்கல்லைச் சுழலவிட்டு உள்சுவரை மெல்ல மெல்லத் தேய்த்து எடுக்கிற வேலை அது. ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி அளந்தேன். மூன்று தப்பித்தன. தண்ணீர் தேங்கின சிலிண்டரில் துரு ஆழமாகக் குழி பறித்துவிட்டிருந்தது. குழி போகும் வரை தேய்த்தால் அளவு தாண்டிவிடும். இன்னும் கொஞ்சம் தேய்த்துப் பார்க்கலாமா என்று முதலாளி கேட்டார். முடியாது என்று நான்தான் சொன்னேன். என் சிலிண்டரை நானே தள்ளிவிட்டேன். அதற்கு பதிலாக இன்னொன்று வரும் வரை காத்திருந்தோம். அது வந்ததும், அளந்த கையோடு எண்ணெயில் முக்கி எடுத்தேன். அம்மாவுக்கு அது வந்த சங்கதியையே சொல்லவில்லை.

பறக்கிற நாள் அம்மாவும் மாமாவும் வந்துவிட்டார்கள். எப்படித் தெரிந்தது என்றால், மாமாவிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி, நான் மாமாவிடம் சொன்னேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இத்தனை இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேனே தவிர, நான் அதுவரை எந்த விமானத்திலும் ஏறினதில்லை. கேப்டன் என்னை பெல்ட் போட்டு உட்கார வைத்தார். புது சிலிண்டர்கள் என்றால் முதல் ஓட்டத்தில் இன்ஜினை முழு வேகத்தில் முறுக்கி ஓட்ட வேண்டும், அப்போதுதான் பிஸ்டன் வளையங்கள் சுவரோடு பழகும். இதைப் பற்றி மாணவர்களுக்கு நான் வகுப்பே எடுக்கலாம். உள்ளே உட்கார்ந்து கேட்பது வேறு. விமானம் எழும்பியதும் கையில் கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அதை விட்டுடுங்க," என்றார் கேப்டன். "அது கதவுக் கைப்பிடி."

விட்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்தேன். நாலு சிலிண்டரும் ஒரே குரலில் பாடிக்கொண்டிருந்தன. எங்கும் தடுமாற்றம் இல்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தேன். கீழே வயல்கள், ஒரு ஏரி, தீப்பெட்டி தீப்பெட்டியாக வீடுகள். என் கைகள் பூட்டின இன்ஜின் என்னைத் தூக்கிக்கொண்டு போகிறது. நான் அழுதேன், கேப்டன் பார்க்காத மாதிரி இருந்தார். இறங்கினதும் பாய் பேனாவை நீட்டினார். இன்றைக்கு வரைக்கும் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அந்த முதல் கையெழுத்து மாதிரி அழகாக ஒன்றும் வரவில்லை.

வேலியோரம் நின்ற அம்மா, தன் கலசத்தால்தான் இன்ஜின் இவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று விமானப் பள்ளி ஆட்களிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே போகவில்லை.

தள்ளிவிட்ட சிலிண்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விமானத்துக்கு உதவாது என்று தள்ளினதை யாரும் திரும்பப் பூட்டிவிடாதபடி சிதைத்துவிட வேண்டும், அது எங்கள் தொழிலின் விதி. பாய் அதன் வயிற்றில் டிரில் போட்டு ஒரு பெரிய ஓட்டை செய்து என்னிடமே கொடுத்துவிட்டார். இப்போது வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் அவர் மற்ற சிலிண்டர்களையெல்லாம் எண்ணெய் பூசி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். நடு மேஜையில் அந்த ஓட்டைச் சிலிண்டர் மட்டும் நிற்கும். அம்மா ஓட்டையை மஞ்சள் துணியால் அடைத்து, மாவிலை சுற்றி, தேங்காய் வைப்பாள். தண்ணீரும் தெளிப்பாள், எவ்வளவு வேண்டுமானாலும்.

மாமாவின் ஆட்டோவில் இப்போதும் இந்தக் கதை ஓடுகிறது. போன மாதம் நானே அதில் ஏறினேன், என்னைக் கவனிக்காமல் முன்னால் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். "என் அக்கா பொண்ணு நாலு சிலிண்டர் வாங்குச்சு சார். மூணு மேல பறக்குது, ஒண்ணு கீழ சாமி கும்புடுது."

நான் இறங்கும்போது சில்லறை கொடுத்தேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார், வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.